நாலு நல்ல டயர்

அவர் முதலில் பார்ப்பது வண்டியின் காலைத்தான். ஓட்டி வந்தவனின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். வேனை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பதில் சக்கரத்துப் பக்கத்திலிருந்து வரும். அங்கே குந்தியிருப்பார். சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உருவி, மருந்து வைத்த முனையை டயரின் கோட்டுக்குள் விட்டுப் பார்ப்பார். மருந்து முழுவதும் உள்ளே மறைந்தால் தலையை ஆட்டுவார். மறையாவிட்டால் அதே குச்சியைக் கிழித்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "மழைக்கு மெதுவாப் போ" என்பார். என் வேனுக்குப் பக்கத்தில் அவர் எத்தனையோ பீடி பற்றவைத்திருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மகள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். என் பெயரும் வேண்டாம். எனக்கு அந்த ரோட்டில்தான் இன்னும் பிழைப்பு.

மடுல்கெல்லைக்குக் கீழே ரோட்டோரம் அவர் வீடு. நான் தினமும் காலையில் அந்தப் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்குவேன். சாயங்காலம் ஏற்றி வருவேன். கடைகளில் நிற்கிறவர்கள்தான் அதிகம். ஒரு கிளார்க், பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இரண்டு பேர், அப்படி ஒரு கூட்டம். அவர்களில் ஒருத்தி அவருடைய மகள். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நின்றே செய்கிற வேலை. அவருடைய சொந்த வேன் எஞ்சின் போய், வீட்டுக்குப் பின்னால் கோழி அடைகிற கூடாகிவிட்ட பிறகு, அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். என் வேனில் இடது பக்கம் கதவோரம் அவள் இடம்.

'இல்லை' என்கிற சொல் அவர் வாய்க்கு வராது. கேட்டதற்கெல்லாம் ஒரே பதில், "அதுக்கென்ன." ஏணி கேட்டால் அதுக்கென்ன. குடை கேட்டால் அதுக்கென்ன. குடையைக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவார். ஓடாத வேன்தானே என்று ஒருத்தன் அதன் பேட்டரியைக் கேட்டான். கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொருத்தன் சீட்டைக் கேட்டான். அதையும் கழற்றிக் கொடுத்தார். மிச்சம் இருந்தது தகரமும் கோழியும்தான். அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அண்ணி அடுப்படியில் இருந்தே சொல்வார்: "கோழியையும் கேளுங்க தம்பி. அதுக்கென்னன்னு புடிச்சுக் குடுப்பாரு."

அந்த எஞ்சின் போவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நான்கு புது டயர் வாங்கிப் போட்டிருந்தார். எஞ்சின் செத்ததும் அந்த நான்கு சக்கரங்களையும் ரிம்மோடு கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, முன் அறையில் சாமிப் படத்துக்குக் கீழே அடுக்கி, மேலே ஒரு சேலையையும் போர்த்திவிட்டார். ஒவ்வொரு ரிம்மிலும் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு. வண்டி ஓடாவிட்டாலும் டயர் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு தெம்பு. எஞ்சின் செய்துவிட்டால் மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதானே.

பிறகுதான் அந்தக் காலம் வந்தது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று, ஊரே பெற்றோல் வரிசையில் நின்ற காலம். டயர் கடைகளில் டயர் தொங்கிய ஆணிதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இருந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வரவேண்டியதுதான். என் வேனின் டயர்கள் நான்கும் மொட்டை. கோடு இருந்த இடத்தை விரலால் தடவினால்கூடத் தெரியாது.

மொட்டை டயரைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. சின்ன வயதில் தோட்டத்தில் கான் வெட்டிய மனிதர் அவர்.

"தேயிலை மலைல எதுக்குப்பா கான் வெட்டுறோம்? மழைத் தண்ணி வழி கண்டு ஓடிப் போறதுக்கு. கான் தூந்து போச்சுன்னா மலையே எறங்கி வந்துரும். டயருல இருக்கிற கோடும் அந்தக் கான் மாதிரித்தான். அது தேஞ்சு போனா ரோட்டுத் தண்ணி போக வழியில்லாம டயருக்கு அடியிலயே நிக்கும். அப்ப நீ ரோட்டுல ஓடல. தண்ணி மேல மெதந்துக்கிட்டு இருக்க."

ரோட்டுக்கு வழவழவென்று தார் ஊற்றிக் காபட் போட்ட அன்றைக்கு நாங்கள் பட்டாசு கொளுத்தாத குறை. கண்ணாடி மாதிரி ரோட்டு, இனிமேல் ராஜாதான் என்று துள்ளினோம். அவர் மட்டும் செருப்பைக் கழற்றி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தார். "பழைய ரோட்டுல குழியாச்சும் டயர புடிச்சு வச்சிருந்துச்சு" என்றார். நான் சிரித்தேன்.

இவ்வளவும் தெரிந்த மனிதரிடம்தான் நான் போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எங்கள் மாதிரி ஆள் ஏற்றுகிற வேனுக்கு வருசத்துக்கு ஒருமுறை டெஸ்ட் உண்டு. பிரேக், லைட், டயர் எல்லாம் பார்த்து, ஓடத் தகுதி என்று சர்டிபிகட் கொடுத்தால்தான் அந்த வருசத்து லைசன் எடுக்கலாம். லைசன் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். மொட்டை டயரோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணே, ஒங்க வீலு நாலையும் ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. டெஸ்ட்டு முடிஞ்சதும் அப்புடியே கொண்டாந்து குடுத்துர்றேன்."

 குந்தி, என் முன் டயரில் குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சி எங்கேயும் இறங்கவில்லை.

"டெஸ்ட்டு பாஸாயிரும்ப்பா. டயரு பாஸாகாதே" என்றார். பிறகு பீடி. பிறகு, "சரி, அதுக்கென்ன."

அந்தப் பழக்கத்தை அந்த ரோட்டில் தொடங்கி வைத்த புண்ணியவான் நான்தான். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் பக்கம் ஓடிய வேன்கள் எல்லாம் ஒரே சாதிப் பழைய வேன்கள். ஒன்றின் சக்கரம் மற்றதுக்குப் பொருந்தும். நான் பாஸான கதை இரண்டே நாளில் பன்விலை வரைக்கும் போய்விட்டது. மூன்று மாதத்தில் அவர் வீட்டுக் கோயில் கலண்டரில் வெறும் கட்டம் இல்லை. டெஸ்ட் திகதி கிடைத்தவன் நேரே அவர் வீட்டுக்கு வந்து, கலண்டரில் அந்தத் திகதிக்கு மேல் தன் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவான். அதுதான் முறை. அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. சக்கரத்தைத் தானே மாட்டிவிடுவார். திரும்பி வந்ததும் தானே கழற்றி, அவனவன் மொட்டையை அவனவனுக்கு மாட்டிவிடுவார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே ஆசீர்வாதம்: "மழைக்கு மெதுவாப் போ."

டெஸ்ட் பார்க்கிற ஐயா ஒன்றும் குருடர் இல்லை. ஒருதடவை என் வேனுக்குக் குனிந்தவர் சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பி, இந்த டயர் என்னைவிட ஒழுங்காக இங்கே வருகிறது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, அவர் நிறுத்தச் சொல்லியிருந்தால் நான் அவரைத் திட்டித்தான் வீட்டுக்கு வந்திருப்பேன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் நான் முன் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதே, என் காதில் விழட்டும் என்றே கேட்டார்.

"நம்ம புள்ள போற வண்டிக்கு அந்த நாலையும் மாட்டி வுட்டுருங்களேன். மத்தவனுக்கு இல்லன்னு சொல்லுங்க."

"அப்ப மத்தவன் வண்டி நின்னு போகும். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல."

"நிக்கட்டும். நின்ன வண்டி கவுறாது."

 அவர் நெருப்புப்பெட்டியைத் தேடினார்.  'அண்ணி சொல்வது சரி, இனிமேல் யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று நானாவது சொல்லியிருக்கலாம். அடுத்த வருசம் எனக்கும் டெஸ்ட் இருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர் போய் இப்போது இரண்டு வருசம் ஆகிறது. நெஞ்சு வலி என்று காலையில் படுத்தவர், மத்தியானம் இல்லை. அன்றைக்கும் மழை. சாவுக்கு வந்த வேன்கள் ரோட்டோரம் வளைவு வரைக்கும் வரிசையாக நின்றன. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசை நெடுக நடந்தேன். எல்லா வண்டியிலும் சர்டிபிகட் இருந்தது. பத்து வண்டிக்கு எட்டு வண்டி மொட்டை. கீழே குந்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அவரைத் தூக்கி முடிந்து கை கழுவும் நேரத்தில் ஒருத்தன் மெல்ல என் பக்கத்தில் வந்து, "அந்த நாலு வீலும் வீட்லதானே இருக்கு?" என்று கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். எந்த முகத்தோடு அடிப்பது என்று இறக்கிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு நாளை. சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன், தெரிகிறது.

அன்றைக்கு என் டெஸ்ட். விடியற்காலையில் அவர் சக்கரங்களை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கினேன். அவர் மகள் கதவோரத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எங்க அப்பா டயரு சித்தப்பா, ஜம்முன்னு போகுது" என்றாள். உண்மைதான். அந்த டயரில் பிரேக்கை மிதித்தால் வண்டி மிதித்த இடத்தில் நிற்கும். டெஸ்ட் முடிந்து சர்டிபிகட் கையில் கிடைத்ததும், சக்கரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக வெறும் வேனோடு மேலே ஏறினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பக் கண்டியில் நிற்கவேண்டும். மத்தியானமே மழை பிடித்துவிட்டது.

முன் அறையில் ஸ்கூல் வேன்காரன் ஒருத்தன் எனக்காகக் காத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் கட்டத்தில் அவன் எழுத்து.

அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். அப்படி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "முன்னுக்கு ரெண்டையாச்சும் விட்டுட்டுப் போறியா? மழை வெறிச்சப்புறம் கொண்டாந்து குடு."

ஸ்கூல் வேன்காரன் தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்தான். "அண்ணே, எனக்கு நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு. அந்திக்கே கண்டிக்கு எறங்கி வரிசைல நிக்கணும். இத விட்டா இனி ஒரு மாசத்துக்கு நாள் தரமாட்டாங்க. அதுவரைக்கும் வண்டி நிக்கணும்."

அவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது. 'மகள் வருகிற வண்டி, இன்றைக்கு இருக்கட்டும்' என்று அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவருக்கு வாய் அசைந்தது, சொல் வரவில்லை. எனக்கோ மணி போய்க்கொண்டிருந்தது. "பரவால்லண்ணே, கழட்டுங்க. நான் மெதுவாத்தானே போறேன்" என்றேன்.

"சரி, அதுக்கென்ன" என்றார், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஜாக்கி வைத்து, நான்கையும் அவரே கழற்றினார். என்னுடைய மொட்டை நான்கையும் அவரே மாட்டினார். ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை இறுக்கினார். கடைசியில் பழக்கதோசத்தில் குச்சியை எடுத்து டயரில் வைத்துப் பார்த்துவிட்டு, கிழித்தார். ஈரக் குச்சி, பற்றவில்லை. "மழைக்கு மெதுவாப் போ" என்றார்.

மெதுவாகத்தான் போனேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வத்தேகமை தாண்டி மேலே ஏறும்போது, பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்து என்னை முந்திப் போனான். அவ்வளவு மெதுவு. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. இலேசாக பிரேக்கைத் தொட்டேன். ஸ்டியரிங் கைக்குள் திடீரென்று கனமில்லாமல் போனது. நான் ஒரு பக்கம் திருப்ப, வண்டி அதன்பாட்டுக்கு இன்னொரு பக்கம் போனது. அரைச் சுற்றுச் சுற்றி, இடது பக்கம் மதகுச் சுவரில் போய் அடித்தது. மற்ற எல்லாருக்கும் சிராய்ப்பும் வீக்கமும்தான். கதவு உள்ளே மடங்கி அவள் காலைப் பிடித்துக்கொண்டது.

பொலிஸ்காரர் சர்டிபிகட்டைப் பார்த்தார். அன்றைய திகதி. டார்ச் அடித்து டயரைப் பார்த்தார். மறுபடியும் சர்டிபிகட்டைப் பார்த்தார்.  வழக்கு நடந்தது, தண்டம் கட்டினேன். காலுக்கு யார் என்ன கட்டுவது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மத்த ஆளுகளெல்லாம் நல்லா இருக்காங்களா?" என்பதுதான். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் போகாத இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கையாலதாம்ப்பா கழட்டுனேன்" என்றார்.

"நான்தாண்ணே கழட்டச் சொன்னேன்."

"நீ சொல்லுவ. நான்ல இல்லன்னு சொல்லியிருக்கணும்."

அவர் வாயில் 'இல்லை' என்கிற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். ஆப்பிள் கொண்டு போயிருந்தேன். வேறு என்ன கொண்டு போவது? முன் அறையில் கட்டில். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சேலை போர்த்திய சக்கரங்கள். புடவைக் கடையில் வேறு பிள்ளையை வைத்துவிட்டார்கள் என்றாள். அப்புறம் சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்பாவுக்கு இல்லன்னு சொல்ல வராது. அது ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே சித்தப்பா எல்லாரும் வந்து கேட்டீங்க?"

ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகும் கலண்டரில் எழுத்துகள் விழுந்தன. ஒரு மாதம் யாரும் வரவில்லை. அப்புறம் ஒருத்தன் வந்தான். அப்புறம் எல்லாரும் வந்தார்கள். டயர் கடைக்கு மறுபடி டயர் வரத் தொடங்கியிருந்தது, விலை மட்டும் எங்கள் பக்கம் இறங்கி வரவில்லை. நான் வேனைத் தட்டி நிமிர்த்தி ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த டெஸ்ட் திகதி கிடைத்ததும் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. கலண்டரில் எழுதவும் இல்லை. வண்டி நின்றால் நிற்கட்டும் என்று ஒரு வைராக்கியம். அண்ணி சொன்ன மாதிரி, நின்ன வண்டி கவுறாது.

டெஸ்ட்டுக்கு முதல்நாள் சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு என் வீட்டுச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். மேலே ரோட்டில், ஆட்டோவில் மற்ற மூன்றும்.

"நாளைக்குத்தானே ஒனக்கு?"

"வேணாண்ணே."

"ஏன்?"

"வேணாண்ணே. வண்டி நிக்கட்டும்."

அவர் சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழக்கப்படி என் வேனின் முன் டயருக்குப் பக்கத்தில் குந்தினார். குச்சியை எடுக்கவில்லை. மொட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மிச்சம் பதினொரு பேரு இருக்காங்கல்ல. அவங்க எப்புடிப்பா வேலைக்குப் போவாங்க?"

நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் நான். சாமானியன் என்று சொல்லிக்கொள்ளலாம், கேவலமானவன் என்றும் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் பாஸானேன். ஐயா சிவப்புப் பொட்டைப் பார்த்தார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது தூறல் வலுத்துவிட்டது. அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நான்கையும் கழற்றி, வேனுக்குள் கிடந்த என் நான்கையும் மாட்டினார். நட்டுகளை இரண்டிரண்டு தடவை இறுக்கினார். எழுந்து நின்றார். நான் சீட்டில் ஏறி, அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே நின்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் தடியோடு, மகள் வந்து நின்றாள்.

"மழைக்கு மெதுவாப் போங்க சித்தப்பா" என்றாள்.

மெதுவாகத்தான் போனேன். அவள் கால் போன அன்றைக்கும் மெதுவாகத்தான் போனேன்.